ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டம்

பி.டி. டீச்சராகச் சேரப்போகிற உங்களில் பலருக்கு முதல் போஸ்டிங்கே கரிசல்காட்டுப் பள்ளியாகத்தான் இருக்கும். போய்ச் சேர்ந்ததும் ஒன்றைக் கவனிப்பீர்கள். புரட்டாசிக் கடைசியில் ஒரு மழை விழுந்துவிட்டால் வகுப்பில் பாதி பெஞ்சு காலியாகக் கிடக்கும். பிள்ளைகள் விதைப்புக்குப் போயிருப்பார்கள். மிச்சம் இருப்பவர்களில் கொஞ்சம் பேர் தீபாவளி முடிகிறவரை தீப்பெட்டி ஆபீஸ் பக்கம் போய்விடுவார்கள். விளையாட்டுப் போட்டிகளைக் கல்வித்துறை வைத்திருப்பதும் சரியாக அந்த மாதங்களில்தான். டீம் சேர்ப்பதே பாதி வேலை. அதை நீங்களே பழகிக்கொள்வீர்கள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் சொல்ல வருவது வேறு. நம் பிள்ளைகள் ஜெயித்த பிறகு என்ன நடக்கும் என்பது. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற ஓர் ஊரில், அரசு உயர்நிலைப்பள்ளியில் நான் பி.டி. டீச்சராக இருந்தேன். பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் அங்கே. மைதானம் என்று பெயருக்கு ஓர் இடம் உண்டு. வெயில் காலத்தில் கணுக்கால் உள்ளே போகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் அப்பிக்கொள்ளும் சேறு, காலில் இன்னொரு செருப்பு போட்ட மாதிரி கனக்கும். அதனால் பெண் பிள்ளைகளின் கோகோ டீமை ஊர்க் களத்துமேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினேன். அறுப்பு தையில்தான். ஐப்பசியில் களம் சும்மாதான் கிடக்கும். ஊர்க்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. மூங்கில் கம்பு இரண்டு நட்டுக் கொடுத்ததே அங்கே வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரிதான்.

அந்த டீமில் இரண்டு பிள்ளைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியவேண்டும்.

ஒருத்தி சண்முகத்தாய். கேப்டன். உயரம், எலும்பான உடம்பு, அதிகம் பேசமாட்டாள். துரத்துகிறவள் எந்தப் பக்கம் கை நீட்டப் போகிறாள் என்பது அவளுக்கு முன்னாலேயே இவளுக்குத் தெரிந்துவிடும். இவளைத் தொட முடியாது. இன்னொருத்தி மாரீஸ்வரி. சண்முகத்தாயைவிட ஒரு வகுப்பு கீழே. குட்டை. வாய் ஓயாது. உட்கார்ந்திருப்பவள் முதுகில் தட்டி 'கோ' கொடுத்த நிமிஷத்தில் கிளம்பி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பு முழுவதையும் காற்றில் வீசி எதிராளியைத் தொடுவாள். அப்படித் தொடுகிற பிள்ளையை என் சர்வீசில் நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஒரே தெரு. ஒருத்தி தலையை ஒருத்தி பின்னிக்கொண்டுதான் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள்.

மாரீஸ்வரி எட்டாம் வகுப்பு படித்த ஐப்பசியில் நாங்கள் மாவட்டப் போட்டியில் ஜெயித்தோம். ஷூ போட்ட டீம்களை வெறுங்காலோடு ஓடி ஜெயித்தோம். அடுத்த கட்டத்தில் தோற்றுவிட்டோம் என்றாலும் ஊரில் மேளம் வைத்துக் கூட்டிப்போனார்கள். தலைமையாசிரியர் பிரேயரில் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் பேசினார். அந்த நாளோடு என் கதையை நிறுத்திக்கொண்டால் நன்றாகத்தான் இருக்கும்.

அடுத்த வாரம் ஒரு கார் வந்தது. நகரத்தில் பெரிய தனியார் பள்ளி ஒன்றின் தாளாளரும், அந்தப் பள்ளியின் உடற்கல்வி இயக்குநரும் இறங்கினார்கள். இனி அந்த இயக்குநரை பி.டி. சார் என்றே சொல்கிறேன். நேரே மாரீஸ்வரி வீட்டுக்குத்தான் வந்தார்கள். முறைக்கு என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டார்கள். ஹாஸ்டல், சாப்பாடு, உடுப்பு, படிப்பு எல்லாம் இலவசம், காலேஜ் வரைக்கும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மாரீஸ்வரியின் அப்பா வாசலில் நின்றார். அம்மா தீப்பெட்டி ஆபீசிலிருந்து பாதி வேலையில் வந்திருந்தாள், விரலில் தீக்குச்சி மருந்து ஒட்டியபடியே.

நான் தாளாளரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "பிள்ளைக்கு அடிகிடி பட்டுட்டா என்ன செய்வீங்க சார்?"

அவர் சிரித்தார். "நல்ல காரியம் பேசும்போது இப்படியா டீச்சர் கேப்பாங்க?"

அவர்கள் கார் வரைக்கும் போயிருந்தபோது அந்த அம்மாவிடம் சொன்னேன். "அவசரப்படாதீங்க. இன்னும் ரெண்டு வருஷம் நம்ம ஸ்கூல்லயே ஆடட்டும். பத்தாவது முடிச்சா கவர்மெண்டு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் இருக்கு. நான் கொண்டுபோய்ச் சேத்து விடுதேன்."

அவள் என்னை முறைக்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். "ரெண்டு வருஷம் மூணு வேளைச் சோறு ஒங்களால போடமுடியுமா டீச்சர்?"

மாரீஸ்வரி கார்த்திகையில் கிளம்பிப் போனாள். பஸ் ஏறுகிறவரை ஒரு வார்த்தை விடாமல் பேசிக்கொண்டே இருந்தவள், பஸ் கிளம்பியதும் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவளைக் கொடுத்ததற்குக் கைம்மாறாக நம் பள்ளிக்கு ஒரு மைக் செட் வந்தது. தலைமையாசிரியருக்கு ரொம்பத் திருப்தி.

அந்த ஒரு வருஷமும் சண்முகத்தாய் டீமைக் கட்டி இழுத்தாள் என்றுதான் சொல்லவேண்டும். ஜூனில் அவள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அவள் வீட்டில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள், பத்தோடு போதும் என்று. அவளுக்கு இருந்தது ஒரே வழி. மாவட்டத்தில் ஜெயித்து, மண்டலத்தில் ஜெயித்து, மாநிலப் போட்டி வரைக்கும் போய்விட்டால் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் பிளஸ் ஒன் இடம் கிடைக்கும். சோறும் படிப்பும் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். இதை நான்தான் அவளுக்குச் சொன்னேன். சொன்ன நாளிலிருந்து அவள் ஒருநாள்கூட பயிற்சிக்கு வராமல் இருந்ததில்லை. விதைப்பு நாளில் காட்டிலிருந்து நேரே களத்துமேட்டுக்கு வருவாள். காலில் மண் காய்ந்துபோய் இருக்கும்.

மறு ஐப்பசியில் மாவட்ட இறுதிப்போட்டி. கோவில்பட்டியில் ஒரு பள்ளி மைதானம். எதிர் டீம் எது என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். மாரீஸ்வரி நீலப் பனியனும் வெள்ளை ஷூவும் போட்டு நின்றாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஓடிவரத்தான் பார்த்தாள். அவர்கள் பி.டி. சார் "ஏட்டி, இங்கன வா" என்று அதட்டினார். நின்றுவிட்டாள். தூரத்திலிருந்தே சண்முகத்தாய்க்குக் கையை மட்டும் ஆட்டினாள்.

அவள் வலது முட்டியில் பட்டைத்துணி கட்டியிருந்தது. காலையில் நடந்த அரையிறுதியில் விழுந்திருக்கிறாள். உட்கார்ந்து எழுந்து பயிற்சி செய்யும்போது அந்தக் காலை மடக்காமலே செய்தாள். பி.டி. சார் வலி மரத்துப்போகிற மருந்தை அடித்துவிட்டுக்கொண்டிருந்தார். பார்த்தேன். அப்போது எனக்கு வந்த எண்ணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு அவளால் பழைய மாதிரி கம்பத்தில் பாயமுடியாது, நமக்கு நல்லதுதான் என்று நினைத்தேன். பயிற்றுநராக நிற்கிற யாருக்கும் அந்த எண்ணம் வரும். வந்தால் பயப்படாதீர்கள்.

நடுவர்களுக்கு மேல் தலைமை ரெஃப்ரியாக இருந்தவர் எங்கள் மாவட்டத்தில் மூத்த உடற்கல்வி ஆசிரியர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு விதிமுறைகளை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தவர். தாட்சண்யம் பார்க்கமாட்டார் என்று பேர். தன் சொந்தப் பள்ளி டீமையே வெளியேற்றியவர்.

மதியத்துக்கு மேல் ஆட்டம் தொடங்கியது. தூறல் விழுந்து நின்றிருந்தது. மேலே மணல் போட்டிருந்தாலும் அடியில் கரிசல் வழுக்கியது. ஆட்டத்தை விளக்கிச் சொல்ல வேண்டாம். கடைசிச் சுற்றில் எங்கள் பிள்ளைகள் ஓட, அவர்கள் துரத்த வேண்டும். நாங்கள் முன்னால் இருந்தோம். அவர்கள் இன்னும் சில பேரைத் தொட்டாக வேண்டும், நேரமோ ரொம்பக் கொஞ்சம். உள்ளே எங்கள் கடைசி மூன்று பேர். அதில் சண்முகத்தாய் ஒருத்தி. அவள் உள்ளே இருந்தால் நேரம் ஓடிவிடும் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அதனால்தான் பி.டி. சார் கோட்டோரத்திலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். "மாரிக்குக் குடு! மாரிக்குக் குடு!"

மாரீஸ்வரிக்குக் கோ கிடைத்தது. எழுந்தாள். சண்முகத்தாய் கம்பத்தைச் சுற்றித் திரும்புகிற நேரத்தில் மாரீஸ்வரி கம்பத்தைப் பிடித்துப் பாய்ந்தாள். கை எட்டவில்லை. விழுந்த இடத்தில் கால் சேற்றில் மாட்டிக்கொண்டு உடம்பு மட்டும் திரும்பியது. நான் நின்ற இடத்துக்கு ஒரு சத்தம் கேட்டது. பச்சைக் குச்சியை முறிக்கிற மாதிரி.

எழுந்துவிட்டாள். அதுதான் கொடுமை. எழுந்து, வேறொருத்திக்குக் கோ கொடுத்துவிட்டு அவள் இடத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று சொல்லக்கூடாது. ஒரு காலை நீட்டிக்கொண்டு இரண்டு கையையும் தரையில் ஊன்றியிருந்தாள். முகம் சாம்பலாக வெளிறிவிட்டது.

நான் கோட்டோரமாக நடந்து நடுவரிடம் போனேன். "சார், அந்தப் பிள்ளைக்கு முட்டி போச்சு. நிறுத்துங்க."

"அவிய டீம் கேக்கணும் டீச்சர். நீங்க கேட்டு நான் நிறுத்த முடியாது."

அவர் சொன்னது விதிப்படி சரி. பி.டி. சாரிடம் போனேன். "சார், மாத்து ஆளு வச்சிருக்கீங்கள்லா? அவளை வெளிய எடுங்க. கால் நிக்காம போயிரும்."

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒங்க டீமைப் பாருங்க டீச்சர். ஜெயிச்சிட்டுத்தான இருக்கீங்க? பொறவென்ன?" என்றவர் மைதானத்தைப் பார்த்து மறுபடியும் கத்தினார். "மாரிக்குக் குடு!"

நடந்ததையெல்லாம் நிதானமாக எழுதுகிறேன். நடந்தபோது எல்லாம் ஒரு மூச்சுக்குள் முடிந்தது. மாரீஸ்வரிக்கு மறுபடி கோ கிடைத்தது. எழுந்து சண்முகத்தாயைத் துரத்தினாள். மூன்றாவது எட்டிலோ நாலாவது எட்டிலோ அந்த முட்டி பக்கவாட்டில் போனதைப் பார்த்தேன். முட்டி அந்தப் பக்கம் போகாது. போகக்கூடாது. அவள் அதை இழுத்து நேராக்கிக்கொண்டு அடுத்த எட்டு வைத்தாள்.

வெளியாள் மைதானத்துக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அந்த விதியைச் சொல்லித்தந்தவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இறங்கினேன். ஓடிப்போய் மாரீஸ்வரியைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டேன். விசில் மேல் விசில் கேட்டது.

"விடுங்க டீச்சர்! விடுங்க! நான் ஓடுதேன்!" என் கையைப் பிறாண்டினாள். "எனக்கு ஒண்ணும் செய்யல. விடுங்க டீச்சர்!"

"ஒன் காலைப் பாருட்டி!"

"ஓடலன்னா அனுப்பிருவாங்க டீச்சர்." அழுகை அப்போதுதான் வந்தது. "போன மாசம் ஒருத்தியை அனுப்பிட்டாங்க."

பி.டி. சார் உள்ளே பாய்ந்து வந்தார். எங்க பிள்ளையைத் தொட நீ யார், தோற்கப் போகிறோம் என்று ஆட்டத்தைக் கெடுக்கிறாள் என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். ஜெயித்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள் என்பது ஸ்கோர் பலகையில் இருந்தது. கத்துகிறவனுக்கு அது எதற்கு?

தலைமை ரெஃப்ரி எழுந்து வந்தார். மாரீஸ்வரியின் காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏம்மா எறங்குன?" என்று மெல்லக் கேட்டார். "நீ எறங்கலாமா?"

"காலைப் பாருங்க சார்."

"பாத்தேன்." பிறகு மேஜைக்குப் போய் அறிவித்தார். அத்துமீறி மைதானத்துக்குள் நுழைந்து எதிரணி வீராங்கனையைத் தடுத்ததால் எங்கள் அணி தகுதி நீக்கம். அந்தப் பள்ளி மாவட்ட வெற்றியாளர்.

நான் வாதாடவில்லை. மாரீஸ்வரியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பள்ளியிலிருந்து ஒருவரும் கூட வரவில்லை. பரிசளிப்பு இருந்தது அல்லவா? எங்கள் பிள்ளைகளைத் துணைக்கு வந்த தையல் டீச்சரிடம் விட்டுவிட்டு வந்தேன். ஆட்டோ திரும்பும்போது சண்முகத்தாய் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றது தெரிந்தது. நான் உள்ளே இறங்கியபோது எந்த இடத்தில் நின்றாளோ அதே இடம்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வலி கொஞ்சம் அடங்கியதும் மாரீஸ்வரி கேட்டாள். "யாரு டீச்சர் ஜெயிச்சா?"

"ஒங்க ஸ்கூல்தான்."

முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ அனுப்ப மாட்டாங்க" என்றாள்.

முட்டிக்குள் தசைநார் அறுந்துவிட்டது, பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தால்தான் உண்டு என்றார் டாக்டர். அந்தப் பள்ளிக்கு ஆள் அனுப்பினோம். வீட்டில் ஓய்வெடுக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. கார்த்திகை முடிவதற்குள் அவளுடைய டிரங்குப் பெட்டி டவுன் பஸ்ஸில் கண்டக்டர் பொறுப்பில் வந்து இறங்கியது. காரில் வந்து கூட்டிப்போனவர்கள்!

அதைவிட ஒன்று உண்டு. அடுத்த சித்திரையில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு சுவரில் அந்தப் பள்ளியின் அட்மிஷன் போஸ்டர் ஒட்டியிருந்தது. நீலப் பனியனில் கம்பத்தைப் பிடித்துக் காற்றில் பாய்கிற பிள்ளை. மாரீஸ்வரிதான். படத்துக்குக் கீழே 'எங்கள் சாதனைச் செல்வங்கள்' என்று போட்டிருந்தார்கள். அவள் அப்போது கம்பு ஊன்றி நடந்துகொண்டிருந்தாள்.

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதில் எழுதினேன். அதைப் பெரிதாக நினைக்காதீர்கள், மெமோ எல்லோருக்கும் ஒருநாள் வரும். ஆனால் அடுத்த ஆண்டுப் போட்டியில் எங்கள் பள்ளி கோகோ ஆடக்கூடாது என்றும் உத்தரவு வந்தது. அதுதான் அடி. தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். "யார் வீட்டுப் பிள்ளைக்கோ பரிதாபப்பட்டு நம்ம பிள்ளைக வாயில மண்ணைப் போட்டுட்டீங்களே."

"அது யார் வீட்டுப் பிள்ளையோவா சார்? நம்ம பிள்ளையைத்தான மைக் செட்டுக்குக் குடுத்தோம்" என்றேன். அதன் பிறகு என் மாறுதல் வரைக்கும் அவர் என்னிடம் நேராகப் பேசவில்லை. ஆனால் மாரீஸ்வரியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள மட்டும் மறுக்க முடியாதபடி அவர் மேஜைக்கு முன்னால் ஒரு முழுக் காலையும் நின்றேன். சேர்த்துக்கொண்டார்.

போட்டி முடிந்த மறுநாள் சாயங்காலம் களத்துமேட்டுக்குப் போனேன். ஒருத்தியும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அப்புறம் சின்னப் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். சண்முகத்தாய் வரவேயில்லை. வகுப்பில் என்னைப் பார்த்தால் மற்றவர்களோடு எழுந்து நிற்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவ்வளவுதான்.

மாரீஸ்வரி பள்ளிக்கூடம் திரும்பிய முதல் நாள், சண்முகத்தாய் அவளைத் தன் அப்பாவின் உயரமான சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு வந்தாள். கட்டுப்போட்ட கால் ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. பங்குனியில் சண்முகத்தாயின் பரீட்சை முடிகிறவரை தினமும் இதே காட்சிதான். கேட்டுக்குள் நுழைகையில் மாரீஸ்வரி "வணக்கம் டீச்சர்" என்று கத்துவாள். முன்னால் மிதிக்கிறவள் தலையைத் திருப்பமாட்டாள்.

அவள் பத்தாவது நல்ல மார்க்கில்தான் தேறினாள். ஹாஸ்டல் இடத்துக்கு அது போதாது. அந்த ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்காக இரண்டு மேனிலைப்பள்ளிகளில் ஏறி இறங்கினேன். இடம் கிடைத்தது. அவள் வீட்டில் அனுப்பவில்லை. அவளும் கேட்கவில்லை என்று மாரீஸ்வரி சொன்னாள்.

மாரீஸ்வரி பத்தாவது முடித்துவிட்டு புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிற இடத்துக்குப் போனாள். மிதிக்கிற மெஷினில் வலது காலை வைக்க முடியாது. இடது காலாலேயே பழகிக்கொண்டாள். இப்போது கரண்டு மெஷின் வந்துவிட்டது. எப்போதாவது போன் செய்வாள். வாய் இன்னும் ஓயவில்லை.

ரெஃப்ரியாக இருந்தவரை அதற்குப் பிறகு எத்தனையோ கூட்டங்களில் பார்த்தேன். ஒருமுறை டீக்கடையில் பக்கத்தில் நின்றபோது அவராகவே சொன்னார். "ஒன் எடத்துல நான் இருந்தா எறங்கியிருக்க மாட்டேன். அதுக்காக நான் ராத்திரி நல்லாத் தூங்குதேன்னு நெனைச்சுக்காத." டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

இத்தனைக்குப் பிறகும் உங்களுக்கு ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். அந்த மைதானத்துக்கு இன்றைக்கு என்னைக் கொண்டுபோய் நிறுத்தினால் இன்றைக்கும் இறங்குவேன். பிள்ளையின் கால் போவதைப் பார்த்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்கிறவர் கப்பு வாங்கிக் கொடுக்கலாம், வாத்தியார் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனால் சரியானதைச் செய்தால் மனசு நிறையும் என்று யாராவது பயிற்சி வகுப்பில் உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். நான் செய்த சரியான காரியத்துக்கு விலை கொடுத்தது நான் இல்லை. எனக்குச் சம்பளம் வந்தது, இன்க்ரிமென்ட் வந்தது, கடைசியில் பொன்னாடை போர்த்தி அனுப்பினார்கள். கொடுத்தது சண்முகத்தாய்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை தூத்துக்குடி போவதற்காக மணியாச்சியில் வண்டி மாறக் காத்திருந்தேன். பிளாட்பாரத்தில் தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெண் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தாள். நிற்கிற வாகிலேயே தெரிந்துவிட்டது. பக்கத்தில் போனேன்.

"சண்முகத்தாயி."

திரும்பினாள். அடையாளம் தெரிந்துகொள்ள அவளுக்கும் நேரம் ஆகவில்லை. "டீச்சர். நல்லா இருக்கீங்களா?" அவள் வீட்டுக்காரர் ரயில்வேயில் தண்டவாள வேலை, குவார்ட்டர்ஸ் பக்கத்தில்தான் இருக்கிறது என்றாள். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. வண்டி வர நேரம் இருந்தது. நான் கேட்டேவிட்டேன்.

"எம்மேல இன்னும் கோவமா இருக்கியாட்டி?"

பாட்டிலை மூடினாள். "நீங்க அவளைத் தூக்கினதுக்கு எனக்கு என்னைக்கும் கோவம் இல்ல டீச்சர்."

"பொறவு?"

"அவ காலு போனதை ஒங்களுக்கு முன்ன நான் பாத்தேன். என்னையத்தான துரத்திட்டு வந்தா? அவ மூச்சு எனக்குக் கேட்டுது. நின்னு அவளைப் பிடிக்கணும்னு திரும்புதேன், அதுக்குள்ள நீங்க வந்துட்டிய." அவள் குரல் உயரவில்லை. "ஒரு சத்தம் குடுத்திருந்தீங்கன்னா போதும். ஏட்டி, ஆட்டத்தை விட்டுருவோமான்னு ஒரு வார்த்தை. நாங்க வேண்டாம்னா சொல்லியிருப்போம்? அவ எங்க பிள்ளைலா. நாங்களே குடுத்திருப்போம். நீங்க கேக்காம எடுத்துட்டிய."

நேரம் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. நேரம் இல்லைதான். சொல்லவில்லை.

"அன்னைக்கு நீங்க ஆட்டோவுல போன பொறவு, அந்த டீம் கப்பு வாங்கையில கை தட்டச் சொன்னாங்க" என்றாள். "தட்டினோம்."

திருநெல்வேலிப் பக்கமிருந்து வண்டி வருகிற மணி அடித்தது. அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு, "வாரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் நடந்தாள். நடை இன்னும் அப்படியேதான் இருந்தது. யாராலும் தொட முடியாத நடை.